வீட்டில் பீர் காய்ச்சுவது ஆண்கள் வேலையா? பெண்கள் ஏன் குறைவு?

முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, வடித்த இனிப்புச் சாற்றை கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூவோடு கொதிக்கவிட்டு, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைப்பதுதான் வீட்டு பீர். இட்லி மாவு பொங்குகிற மாதிரிதான். இங்கே ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயுவோடு ஆல்கஹாலையும் தரும்.

14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது பெரும்பாலும் பெண்கள் கைவேலை. அன்றைய பீரான, ஹாப்ஸ் சேர்க்காத ‘ஏல்’ சில நாளிலேயே கெட்டுவிடும். அதனால் அடிக்கடி வீட்டில் காய்ச்சி, மிஞ்சியதை அக்கம்பக்கத்தில் விற்றார்கள். ஹாப்ஸ் வந்ததும் பீர் நாள்பட நின்றது; பெரிய அண்டா, பெரிய முதலீடு என்று தொழில் மெல்ல ஆண்கள் கைக்குப் போனது. திறமை குறைந்து போகவில்லை, பணம்தான் வேறு பக்கம் சேர்ந்தது.

பெண்களை மறுபடி வரவைக்க, என்னைக் கேட்டால், அழைப்பு மட்டும் போதாது. பக்கத்தில் நின்று ஒருமுறை காய்ச்சிக் காட்ட வேண்டும்.

அப்புறம், இதற்கு உடல்பலம் வேண்டும் என்பது தவறு: 20 லிட்டர் பானையைத் தூக்கத் தேவையில்லை, 4 லிட்டரிலும் நல்ல பீர் வரும்.