உங்கள் தோலை நுண்ணோக்கியில் படித்தவரிடம் பேசலாமா?

தோல் பயாப்சி (தோலில் சிறு துண்டை எடுத்துச் செய்யும் சோதனை) அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் நோய்க்குறியியல் மருத்துவர், அதாவது அந்தத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதுகிறவர். தினமும் பலருடைய தோலைப் பார்க்கிறேன், அவர்களுடைய முகத்தைப் பார்ப்பதில்லை. இது மாற வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

அறிக்கையின் அடியில் கையெழுத்திட்ட மருத்துவரை நான் பார்த்ததே இல்லை. சந்திக்க வேண்டும் என்று கேட்பது முறையா?

முறைதான். அது உங்கள் உடலிலிருந்து எடுத்த திசு. அதில் என்ன கண்டீர்கள் என்று கேட்க உங்களைவிட உரிமை உள்ளவர் யார்? உங்கள் தோல் மருத்துவர் மூலமாகவே கேளுங்கள். அவர் மனம் நோகுமோ என்று தயங்க வேண்டாம். சந்தேகமான தகடுகளை, அதாவது சாயமேற்றிய திசுச் சீவல் ஒட்டிய கண்ணாடித் துண்டுகளைப் பற்றி அவரும் நாங்களும் எப்போதும் பேசிக்கொள்கிறவர்கள்தாம். எல்லா ஆய்வகங்களிலும் இதற்கு ஏற்பாடு இருக்காது. சில இடங்களில் நேரில் பார்க்கலாம், சில இடங்களில் தொலைபேசியில் பேசலாம்.

போகும்போது பழைய அறிக்கைகள், பயாப்சிக்கு முன் எடுத்த புகைப்படங்கள், உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ஒருமுறை என்னைப் பார்க்க வந்த ஒருவர், இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையைச் சில மாதங்களுக்கு முன்புதான் மாற்றியதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். தகடோடு வந்த படிவத்தில் 'அரிப்பு, தடிப்பு' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருந்தன. தகட்டில் நான் பார்த்த அழற்சி மருந்தாலும் வரக்கூடியது. அவர் எதிரிலேயே தோல் மருத்துவரை அழைத்துப் பேசினேன். அந்த ஒரு வாக்கியத்தை எந்தச் சாயமும் எனக்குக் காட்டியிருக்காது.

நுண்ணோக்கியில் பார்த்தால் எனக்கு என்ன புரியப்போகிறது?

நினைப்பதைவிட அதிகமாகவே புரியும். உங்களிடமிருந்து எடுத்தது 4 மில்லிமீட்டர் அகலமே உள்ள துண்டாக இருக்கலாம். அது ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் ஊறி, நீர் நீங்கி, பாரஃபின் மெழுகுக்குள் பதிகிறது. பிறகு அதை 4 அல்லது 5 மைக்ரான் கனத்தில் சீவுவோம். ஒரு மில்லிமீட்டரை இருநூறாகப் பகுத்தால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவு மெல்லியது. ஹீமாடாக்சிலின் சாயம் செல்லின் உட்கருவை நீலமாக்கும், ஈயோசின் மற்றவற்றை இளஞ்சிவப்பாக்கும்.

நான் எப்போதும் நலமான இடத்தைத்தான் முதலில் காட்டுவேன். மேலே அலையலையாக ஓடும் மேல்தோல், அடியில் இளஞ்சிவப்பு நார்கள், நடுவே ஒரு மயிர்க்கால். கண் அதற்குப் பழகியதும் நோய் தானாகத் தெரியும். பேசல் செல் புற்றுநோய் என்ற தோல் புற்றுநோய் வகை என்றால் கருநீலத் திட்டுகள். ஒவ்வொரு திட்டின் ஓரத்திலும் செல்கள் வேலிக்கால்கள் போல வரிசையாக நிற்கும். 'புற்றுநோய்' என்ற சொல்லைக் கேட்டு நடுங்கி வந்தவர், அந்தத் திட்டுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதைத் தம் கண்ணால் பார்க்கும்போது மூச்சு சீராவதை நான் அருகிலிருந்து கவனித்திருக்கிறேன்.

மெலனோமா, அதாவது நிறமிச் செல்களில் தோன்றும் தோல் புற்றுநோய் வந்தவர்கள் குறிப்பாக ஒன்றைப் பார்க்க வேண்டும். மச்சம் 12 மில்லிமீட்டர் அகலம் என்பதே பலருக்குப் பெரிய பயம். எங்களுக்கு அதைவிட முக்கியம் ஆழம். 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ வகுத்த அளவு அது: மேல்தோலின் துகள் அடுக்கிலிருந்து மிக ஆழத்தில் உள்ள புற்றுச் செல் வரை. அகலமாகப் படர்ந்தும் ஆழம் 0.4 மில்லிமீட்டர் மட்டுமே உள்ள மெலனோமா வேறு, சிறிதாகத் தெரிந்தும் 4 மில்லிமீட்டர் இறங்கியது வேறு. அறிக்கையில் எண்ணாகப் படிப்பதைத் தகட்டில் தூரமாகப் பார்த்தவர்கள் அந்த வேறுபாட்டை மறப்பதில்லை.

'சோரியாசிஸுடன் ஒத்துப்போகிறது' என்று எழுதியிருக்கிறார்கள். சோரியாசிஸா, இல்லையா?

மழுப்பலாகத் தோன்றும், ஆனால் நேர்மையான சொல் அது. தோலுக்கு அழற்சியைக் காட்டத் தெரிந்த வழிகள் சிலவே. வெவ்வேறு நோய்கள் தகட்டில் ஒரே சாயலில் வரும். தகட்டில் தெரிவதும் உங்கள் முழங்கையிலோ தலையிலோ தோல் மருத்துவர் கண்டதும் சேர்ந்தால்தான் நோய்க்குப் பெயர் வைக்க முடியும். பயாப்சிக்கு முன்பு ஸ்டீராய்டு களிம்பு தடவியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அது படத்தையே மங்கவைத்துவிடும்.

ஒரே மச்சத்தை ஒருவர் சாதாரணம் என்கிறார், இன்னொருவர் மெலனோமாவாக இருக்கலாம் என்கிறார். யாரை நம்புவது?

இதில் மறைக்க ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 187 நோய்க்குறியியல் மருத்துவர்களிடம் மச்சத் தகடுகளைக் கொடுத்து நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. தெளிவான சாதாரண மச்சங்களில் அவர்களுடைய முடிவு நிபுணர் குழுவின் முடிவோடு 92 விழுக்காடு பொருந்தியது. ஆழமாக ஊடுருவிய மெலனோமாவில் 72 விழுக்காடு. இடைப்பட்ட வகைகளிலோ 25 முதல் 43 விழுக்காடு வரைதான். உங்கள் மச்சம் அந்த இடைப்பட்ட இடத்தில் நிற்கிறது என்று நினைக்கிறேன். இருவரில் ஒருவர் கவனக்குறைவானவர் என்று முடிவு கட்டாதீர்கள்.

தோல் நோய்க்குறியியலில் தனிப்பயிற்சி பெற்ற மூன்றாமவரிடம் அதே தகடுகளை அனுப்பச் சொல்லுங்கள். அதே மெழுகுத் துண்டில் நிறமிச் செல்களை அடையாளம் காட்டும் மெலன்-ஏ, சாக்ஸ்10 போன்ற கூடுதல் சோதனைகளும் செய்யலாம். சந்திக்கும்போது "உங்களுக்கு எவ்வளவு உறுதி? எந்த அம்சம் உங்களைத் தயங்கவைக்கிறது?" என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.

வெட்டியெடுத்த துண்டின் விளிம்புகளில் புற்றுநோய் இல்லை என்று அறிக்கை சொல்கிறது. முழுவதும் போய்விட்டதா?

பெரும்பாலும் நல்ல செய்திதான். ஆனால் வழக்கமான முறையில் துண்டைக் குறுக்காக நறுக்கிச் சில வில்லைகளை மட்டுமே பார்க்கிறோம். விளிம்பின் ஒவ்வொரு புள்ளியும் கண்ணில் படுவதில்லை. அடுக்கடுக்காக வெட்டி உடனுக்குடன் நுண்ணோக்கியில் பார்க்கும் மோஸ் அறுவை சிகிச்சையில் விளிம்பு ஏறக்குறைய முழுவதும் பார்க்கப்படும். எந்த முறையாக இருந்தாலும் தோல் மருத்துவர் சொன்ன நாளில் மறுபரிசோதனைக்குப் போய்விடுங்கள்.

அடுத்து என்ன சிகிச்சை என்பதையும் நோய்க்குறியியல் மருத்துவரே சொல்வாரா?

சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. உங்கள் வயது, மற்ற நோய்கள், புண் இருக்கும் இடம் எல்லாவற்றையும் எடைபோட்டு முடிவு செய்கிறவர் உங்களுக்குச் சிகிச்சை அளிப்பவர். நாங்கள் கண்டதை விளக்குவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அகற்றிய மச்சம். அப்போது எதுவும் கேட்கத் தோன்றவில்லை. இப்போது முடியுமா?

முடியும் என்றே நம்புகிறேன். தகடுகளையும் மெழுகுத் துண்டுகளையும் ஆய்வகங்கள் பல ஆண்டுகள் பாதுகாத்து வைக்கின்றன. சாயம் வெளிறியிருந்தாலும் மெழுகிலிருந்து புதிதாக ஒரு சீவல் எடுக்கலாம். அறிக்கையின் மேல்பகுதியில் உங்கள் மாதிரிக்குரிய எண் இருக்கும். ஆய்வகத்தில் அதைச் சொல்லிக் கேளுங்கள்.