அப்பாவும் தொடுதிரையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். என் அப்பாவுக்கு 74 வயது. ரேடியோ, டேப் ரெக்கார்டர் எது பழுதானாலும் தானே பிரித்துச் சரிசெய்துவிடுவார். பக்கம் பக்கமான கணக்கைக் கால்குலேட்டர் இல்லாமல் கூட்டுவார். அப்படிப்பட்டவருக்கு வீடியோ கால் போட வரவில்லை. பல முறை சொல்லிக்கொடுத்துவிட்டேன், மறுநாள் மறுபடியும் கேட்கிறார். போன வாரம் பொறுமையிழந்து, "எத்தனை தடவைப்பா சொல்றது" என்று கத்திவிட்டேன். அதற்கப்புறம் அவர் கேட்பதே இல்லை. போனை ஓரமாக வைத்துவிட்டார். ஒன்பது வயதான என் மகளோ யாரும் சொல்லித்தராமலே எல்லாம் செய்கிறாள். அப்பாவுக்கு ஞாபகம் போய்விட்டதா, இல்லை மனசு வைக்கவில்லையா? ஒரு தலைமுறைக்கு இவ்வளவு சுலபமாக வருவது இன்னொரு தலைமுறைக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

வயதானால் புதிய விஷயம் மனதில் பதியக் கொஞ்சம் நேரமாகும் என்பது உண்மைதான். மற்ற அன்றாடக் காரியங்களும் மறந்துபோகின்றன என்றால் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. மனசு வைக்காதவர் மறுநாளும் வந்து கேட்டிருக்க மாட்டார்.

அவர் பழகிய பொருள்களை நினைத்துப் பாருங்கள். கையடக்க டிரான்சிஸ்டர் ரேடியோ 1954இல் விற்பனைக்கு வந்தது. ஒரு திருகு சத்தத்துக்கு, இன்னொன்று நிலையம் பிடிக்க. முப்பது வருஷம் கழித்து வாங்கினாலும் இந்த இரண்டையும் தெரிந்தவருக்கு ரேடியோ கைவந்துவிடும். விரலால் சுழற்றும் தொலைபேசியும் அப்படித்தான். பெரும்பாலான நாடுகளில் ஒன்றைச் சுழற்றினால் லைனில் ஒரு மின்துடிப்பு போகும், ஐந்துக்கு ஐந்து, பூஜ்யத்துக்குப் பத்து. வட்டு திரும்பி வரும் நேரத்தையும் சத்தத்தையும் வைத்தே எந்த எண் போகிறது என்று தெரிந்துவிடும். எதைச் செய்தால் எது நடக்கிறது என்பது கண்ணுக்கும் காதுக்கும் எட்டியது. ரேடியோவைப் பிரித்துச் சரிசெய்கிற அளவுக்கு அவர் தேறியதும் அதனால்தான். ஒரு முறை கற்றால் ஆயுளுக்கும் போதும் என்ற உத்தரவாதம் அதில் இருந்தது.

தொடுதிரையில் அந்த உத்தரவாதம் கிடையாது. 2007இல் ஐபோன் வந்தபோது திரையில் இருந்த பட்டன்கள் நிஜப் பட்டன் மாதிரி மேடும் நிழலுமாக வரையப்பட்டிருந்தன. 2013இல் ஐபோனை இயக்கும் மென்பொருளின் புதிய பதிப்பான ஐஓஎஸ் 7 வந்ததும் அந்த நிழலும் விளிம்பும் போய்விட்டன, பல இடங்களில் வெறும் எழுத்துதான் மிஞ்சியது. எது அழுத்துவதற்கு, எது படிப்பதற்கு என்று பார்த்தவுடன் தெரியாது. 2017இல் வந்த ஐபோன் எக்ஸில் கீழே இருந்த முகப்புப் பட்டனையே எடுத்துவிட்டார்கள். கீழிருந்து மேலே விரலால் தள்ள வேண்டும். அதை யாராவது காட்டினால்தான் உண்டு, திரையைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். மற்ற போன்களும் இதே வழியில்தான் போயின. நடுவில் எத்தனையோ அப்டேட்கள். ராத்திரி தூங்கும்போது ஒரு இடத்தில் இருந்த படக்குறி காலையில் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் அப்பா மறந்தார் என்கிறீர்கள். அவர் கற்றதே அங்கே இல்லாமல் போயிருக்கலாம், அதையும் பாருங்கள்.

மாறாமல் இருந்தால் பழைய தலைமுறை எவ்வளவு எளிதாகக் கடந்து வரும் என்பதற்கு விசைப்பலகையே சாட்சி. 1870களில் விற்பனைக்கு வந்த ஆங்கிலத் தட்டச்சு இயந்திரத்தின் எழுத்து வரிசைதான், சின்னச் சின்ன மாற்றத்தோடு, இன்றும் கணினியில் இருக்கிறது. தட்டச்சு தெரிந்தவர்கள் கணினிக்கு வந்தபோது விரல்களுக்குப் புதிதாகக் கற்க அதிகம் இருக்கவில்லை.

அப்புறம், அவர் விரலை ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். இயந்திரப் பட்டனில் பழகியவர்கள் அழுத்தமாக, நிதானமாக அழுத்துவார்கள். அந்தப் பட்டனுக்கு அதுதான் சரி. தொடுதிரை அதை 'நீண்ட அழுத்தம்' என்று எடுத்துக்கொண்டு கேட்காத ஒரு பட்டியலைத் திறந்து வைக்கும். அவருக்குத் தெரிவது ஒன்றுதான்: நீங்கள் சொன்னபடியே செய்தார், வேறென்னவோ வந்தது. வயதானவர்களின் விரல் நுனி உலர்ந்திருந்தால் சில சமயம் திரை தொடுகையையே உணராது. அப்போது இன்னும் பலமாக அழுத்துவார்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் அணுகல்தன்மை (Accessibility) அமைப்புகளுக்குள் எத்தனை நேரம் தொட்டால் நீண்ட அழுத்தம் என்பதைக் கூட்டி வைக்க வழி இருக்கிறது. முதலில் அதைச் செய்யுங்கள்.

உங்கள் மகளுக்குச் சுலபமாக வருவதற்குப் பெரிய காரணம், அவளுக்குப் பயம் இல்லை. தப்பாக அழுத்தினால் பின்னால் வந்துவிடலாம் என்றே பழகியிருக்கிறாள். உங்கள் அப்பா பழகிய பொருள்கள் அப்படி மன்னிக்கவில்லை. டேப் ரெக்கார்டரில் தவறிப்போய்ப் பதிவு விசையை அழுத்திவிட்டால் இருந்த பாட்டு அழிந்துவிடும், திரும்ப வராது. அதற்காகவே கேசட்டின் முதுகில் சின்ன பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மறுபடி பதிய முடியாது. கேமராவில் ஒரு சுருளுக்கு 24 அல்லது 36 படம்தான், வீணானது வீணானதுதான். யோசிக்காமல் தொடாதே என்பதை நிஜமான நஷ்டங்களிலிருந்து கற்ற தலைமுறை அது. அதைப் பார்த்து மந்தம் என்று நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்தப் பயம் முழுக்கத் தப்பும் இல்லை. "எதை வேண்டுமானாலும் அழுத்துங்கள், ஒன்றும் ஆகாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அறியாத எண்ணிலிருந்து வந்த இணைப்பை அழுத்தினாலோ, ஓடிபியை யாரிடமாவது சொன்னாலோ பணம் போகலாம். நம் வீட்டாரோடு பேசும் வீடியோ காலில் தப்பாக ஒன்றை அழுத்திவிட்டாலும் பணம் போகாது, ஆனால் யார் கேட்டாலும் ஓடிபியைச் சொல்லக் கூடாது என்று இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். ஜாக்கிரதையாக வாழ்ந்தவருக்கு எங்கே ஜாக்கிரதை வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

கத்தியதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். போனை அவர் கையிலிருந்து வாங்காதீர்கள். நாம் வாங்கி நாலு தட்டுத் தட்டிக் காட்டும்போது அவர் பார்ப்பது நம் விரலின் வேகத்தை மட்டும்தான். ஒவ்வொரு படியையும் அவரே செய்யட்டும், அவர் கையெழுத்திலேயே ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். போனின் தோற்றம் மாறும் அப்டேட் வந்தால் அன்றைக்கே கூட உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதுங்கள். பேத்தி சொல்லிக்கொடுத்தாலும் இதே விதிதான், அவள் விரல் திரைக்குப் போகக் கூடாது.

பிறகு நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள், அவர் உங்களை அழைக்கட்டும். தினமும் ஒரே நேரத்தில் ஒரு வாரம் செய்து பாருங்கள். எந்தப் படியில் நிற்கிறார் என்பது இரண்டு மூன்று நாளில் பிடிபட்டுவிடும். அது அநேகமாக ஒரே இடமாகத்தான் இருக்கும். மொத்தத்தையும் திரும்பத் திரும்பச் சொல்லாமல் அந்த ஒரு படியை மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

அன்புடன்.