கடைக்கும் வீட்டுக்கும் ஒரே நோட்டு

"அப்பாவோடு சேர்ந்து குடும்பத் தொழில் பார்க்கிறேன். கடை, வீடு இரண்டிலும் ஏதாவது ஒன்று விட்டுப்போய்க்கொண்டே இருக்கிறது. ஜிடிடி மாதிரி முறைகள் நம்மைப் போன்றவர்களுக்கு உதவுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உதவும். ஆனால் நம் வீட்டுக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். நான் வேலூரில் அப்பாவோடு மளிகை மொத்த வியாபாரம் பார்க்கிறேன். 6 வருடமாக இந்த முறைதான். நடுவில் இரண்டு தடவை விட்டுவிட்டுத் திரும்பவும் பிடித்துக்கொண்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஜிடிடி என்பது 'கெட்டிங் திங்ஸ் டன்' (Getting Things Done) என்பதன் சுருக்கம். டேவிட் ஆலன் என்ற அமெரிக்கர் 2001-ல் அதே பெயரில் புத்தகமாக எழுதிய முறை இது. தலைக்குள் ஓடுவதை எல்லாம் ஓரிடத்தில் எழுதி இறக்கிவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அடுத்து செய்ய வேண்டிய காரியம் என்ன என்று முடிவு கட்ட வேண்டும். வாரம் ஒருமுறை உட்கார்ந்து மொத்தத்தையும் பார்க்க வேண்டும்.

நான் இதைத் தேடிப் போனதற்கு அம்மாவின் கண்தான் காரணம். புரை ஆபரேஷன் முடிந்து, மறுபடி காட்ட வேண்டிய தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சட்டைப் பையில் வைத்தேன். பொங்கலுக்கு முந்தின வாரம், வெல்லம் லோடு மேல் லோடாக இறங்கிக்கொண்டிருந்தது. சட்டை துவைக்கப் போனது, சீட்டும் அதோடு போனது. நான்கு நாள் கழித்து அம்மா, "கடை வேலையா கீறியேன்னு நான் கேக்கல" என்றார். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வார்த்தைதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அப்புறம் எழுத ஆரம்பித்தேன். கடைக்கு ஒரு நோட்டு, வீட்டுக்கு ஒரு நோட்டு என்று பிரித்தது தப்பு. கடை நோட்டு கல்லாவில் இருக்கும், நாள் முழுக்கக் கண்ணில் படும். வீட்டு நோட்டு பீரோ மேல் கிடக்கும். இப்போது ஒரே நோட்டுதான். குடியாத்தம் கடைக்காரர் தர வேண்டிய பாக்கிக்குக் கீழேயே பெண்ணின் பள்ளிக்கூட மீட்டிங் இருக்கும்.

இந்த முறையில் வேலைகளை இடத்தையும் சாதனத்தையும் வைத்துப் பிரிக்கச் சொல்வார்கள்: போனில் முடிப்பது, வெளியே போனால் முடிப்பது என்று. ஆளுக்கொரு பட்டியல் போடுவதும் அதில் உண்டு. குடும்பத் தொழிலில் இருப்பவனுக்கு அதுதான் உயிர் என்பேன். என் நோட்டில் 'அப்பா' என்று ஒரு பக்கம். பாமாயில் பத்து டின் கூட எடுக்கலாமா, ஆம்பூர் பார்ட்டிக்கு இன்னும் கடன் விடலாமா, குடோன் கூரை ஒழுகுகிறதே, எல்லாம் அங்கே போகும். முன்பு இதெல்லாம் ஞாபகம் வந்த இடத்தில் வாயில் வந்துவிடும். பெரும்பாலும் ராத்திரிச் சாப்பாட்டில். அம்மா ரசக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், நாங்கள் இருவரும் டின் கணக்குப் பேசிக்கொண்டிருப்போம். பெண் ஏதோ சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிடுவாள். இப்போது காலையில் கடை திறந்து சாம்பிராணி காட்டிய கையோடு, 10 நிமிடம் அப்பாவோடு அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடுகிறேன். சாப்பிடும்போது ஏதாவது தோன்றினால் எழுதி வைப்பதோடு சரி.

அப்பாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. "நாப்பது வருசமா இன்னா நோட்டு வெச்சிக்கினா யாவாரம் பண்ணேன்?" என்று கேட்டார். அவரிடமும் ஒரு முறை இருந்தது என்று புரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது. மேஜை மேல் ஒரு கம்பி நிற்கும். வருகிற சிட்டையை எல்லாம் அதில் குத்திக்கொண்டே போவார். ஷட்டர் இறக்கும் முன் ஒவ்வொன்றாக உருவுவார். முடிந்தது கிழிபடும், பாக்கி பேரேட்டில் ஏறும், நாளைக்கு உள்ளது திரும்பவும் கம்பிக்குப் போகும். ஒரு சிட்டையைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார். டேவிட் ஆலன் சொல்வதும் அதுதானே! ஆனால் அந்தக் கம்பியில் ஒரு நாளும் வீட்டு வேலை ஏறியதில்லை. அதெல்லாம் அம்மாவின் தலையில் இருந்தது.

இரண்டு நிமிடத்தில் முடிவதை உடனே முடி என்று ஒரு விதி உண்டு. கல்லாவில் உட்கார்ந்தவனுக்கு அது ஆகாது. அங்கே வருவது எல்லாமே இரண்டு நிமிட வேலைதான், பொழுது அதிலேயே போய்விடும். வியாபாரம் மந்தமாக இருக்கிற மதியம் 2 மணிக்கு மேல்தான் நான் அதைச் செய்கிறேன்.

பின்னால் வருவதை ஞாபகப்படுத்த, நாளுக்கு 31, மாதத்துக்கு 12 என்று 43 உறைகள் போடச் சொல்கிறார் ஆலன். எனக்கு 12 போதும். மே மாத உறையில் வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஜூலையில் ஆடிக் கூழுக்குக் கேழ்வரகு, அப்புறம் ஆடிக் கிருத்திகை. ரம்ஜான் வருடா வருடம் சுமார் 11 நாள் முன்னால் நகரும். அதனால் சேமியா, பேரீச்சை ஆர்டர் சீட்டை அந்த வருடத்துத் தேதி பார்த்து உறை மாற்றி வைக்க வேண்டும். பேரணாம்பட்டு, மேல்விஷாரம் கடைகளுக்கு ஒரு மாதம் முன்பே சரக்கு போயாக வேண்டும். மாதாமாதம் 11, 20 தேதிகளில் ஜிஎஸ்டி தாக்கல். அந்த இரண்டு நாளும் வீட்டு விசேஷத்துக்கு ஒப்புக்கொள்வதில்லை.

ஞாயிறு மதியம் கடை மூடியதும் நானும் மனைவியும் அரை மணி நேரம் நோட்டோடு உட்காருவோம். அவள் பக்கத்தில் அவளே எழுதுவாள். கடை வேலையை வேறு நாளுக்குத் தள்ளச் சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு, இரண்டு முறை தள்ளியும் இருக்கிறாள்.

நீங்கள் ஆரம்பிப்பதானால் செயலி எதுவும் இப்போது தேட வேண்டாம். 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் அப்பா பெயரைப் போடுங்கள். ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் தொழில் பேச்சு வாய்க்கு வரும்போதெல்லாம் அந்தப் பக்கத்தில் எழுதுங்கள். மற்ற பக்கங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.