இரண்டு மியூவான்களில் ஒரு கனத்த துகள்: கேள்வி பதில்

புரோட்டான்களை மோதவிடும் எல்.எச்.சி. என்ற முடுக்கியில் ‘இசட் பிரைம்’ என்ற கனத்த துகளைத் தேடுவது பற்றி வந்த கேள்விகள் இவை. ஏற்கெனவே தெரிந்த ‘இசட்’ துகளின் (நிறை சுமார் 91 ஜி.இ.வி.) கனத்த உறவு என்று ஊகிக்கப்படும் துகள் அது; இரண்டு எலக்ட்ரான்களாகவோ, எலக்ட்ரானின் கனத்த உறவான மியூவான்கள் இரண்டாகவோ சிதையலாம். துகளின் நிறையையும் இங்கே ஆற்றல் அலகிலேயே சொல்கிறோம். ஒரு டி.இ.வி. என்பது லட்சம் கோடி எலக்ட்ரான்வோல்ட். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு ஜி.இ.வி.

கே: 13.6 டி.இ.வி.யில் மோதவிடுகிறார்கள். 10 டி.இ.வி. நிறையுள்ள துகள் ஏன் சிக்குவதில்லை, சார்?

உண்மையில் மோதிக்கொள்பவை புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க், குளுவான் என்ற சிறு துகள்கள்தான். புரோட்டானின் ஆற்றலை அவை பங்கு போட்டுக்கொள்கின்றன. இரண்டு பக்கமும் தலா ஒரு துகளே பெரும்பங்கைச் சுமந்து வருவது மிக அபூர்வம். 2015–18 தரவு முழுவதையும் அலசிய பிறகும், சாதாரண இசட்டைப் போலவே வினைபுரியும் இசட் பிரைமை, எல்.எச்.சி.யின் பெரிய கருவிகளில் ஒன்றான அட்லஸின் குழுவால் சுமார் 5.1 டி.இ.வி. நிறை வரைதான் ‘இல்லை’ என்று விலக்க முடிந்தது.

கே: பிறந்த கணமே சிதைந்துவிடும் துகளின் நிறையை எப்படிக் கணக்கிடுவது?

சிதைவில் வரும் இரண்டு துகள்களின் ஆற்றல்களைப் பெருக்குங்கள். அதை 2ஆல் பெருக்கி, (1 − இடைக்கோணத்தின் கொசைன்) என்பதாலும் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். எதிரெதிர்த் திசையில் 1500 ஜி.இ.வி. எலக்ட்ரான்கள் இரண்டு என்றால் விடை 3000.

கே: எலக்ட்ரானா மியூவானா, எதை நம்பலாம்?

இவ்வளவு உயர்ந்த ஆற்றலில் எலக்ட்ரான்தான். துகளை நிறுத்தி ஆற்றலை அளக்கும் கலோரிமீட்டர் அதன் ஆற்றலை ஏறத்தாழ 1 சதவீதத் துல்லியத்தில் அளக்கும். மியூவானை அளக்க, காந்தப்புலத்தில் அதன் பாதை எவ்வளவு வளைகிறது என்று பார்க்க வேண்டும். அட்லஸின் மியூவான் அறைகளில் 1 டி.இ.வி. மியூவானின் பாதை நேர்கோட்டிலிருந்து விலகுவது சுமார் 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர். 10 சதவீதத் துல்லியம் வேண்டுமென்றால் அந்த விலகலை 50 மைக்ரானுக்குள் அளந்தாக வேண்டும். பல மீட்டர் இடைவெளியில் நிற்கும் அறைகளில் ஒன்று அவ்வளவு நகர்ந்திருந்தாலே கணக்கு கெடும். அதனால்தான் காந்தத்தை அணைத்துவிட்டும் தரவு எடுக்கிறார்கள்: அப்போது பாதை நேராக இருந்தாக வேண்டும், வளைவாகத் தெரிந்தால் தவறு அறையின் இருப்பில்.

எலக்ட்ரானிலும் கண்ணி உண்டு. எல்.எச்.சி.யின் இன்னொரு பெரிய கருவியான சி.எம்.எஸ்.இன் கலோரிமீட்டர் படிகங்களால் ஆனது. அதன் நடுப்பகுதியில், ஒரே படிகத்தில் சுமார் 1.7 டி.இ.வி.க்கு மேல் விழுந்தால் மின்னணுச் சுற்று நிறைந்துபோய் குறைத்துக் காட்டும். பக்கத்துப் படிகங்களை வைத்துத்தான் அதைச் சரிசெய்ய வேண்டும்.

கே: சி.எம்.எஸ். பொதுவில் தந்திருக்கும் இரட்டை மியூவான் கோப்பில் வரைபடம் போட்டேன். 91இல் இசட் அழகாக வருகிறது. 200க்கு மேல் எங்கு பார்த்தாலும் முகடுகள்!

கட்டத்தின் அகலம்தான் காரணம்; அதாவது, நிறை அச்சை எவ்வளவு அகலத் துண்டுகளாகப் பிரித்து நிகழ்வுகளை எண்ணுகிறீர்கள் என்பது. 91 ஜி.இ.வி. பக்கம் 1 ஜி.இ.வி. கட்டம் பொருந்தும். மேலே போகப்போக நிகழ்வுகள் குறையும். ஒரு கட்டத்தில் 1, அடுத்ததில் 4 என்று விழுந்தால் அதுவே முகடு மாதிரித் தெரியும். இரண்டு அச்சுகளையும் மடக்கை அளவில் வைத்து, நிறை கூடக்கூடக் கட்டத்தை அகலமாக்குங்கள். எதிர் மின்னூட்ட ஜோடிகளை மட்டும் எடுங்கள். ஏற்கெனவே தெரிந்த ஜே/சை, உப்சிலான், இசட் துகள்களின் முகடுகள் 3.1, 9.46, 91.2 ஜி.இ.வி.யில் சரியாக வந்த பிறகு மேலே பாருங்கள்.

கே: 750 ஜி.இ.வி. முகடு என்ன ஆனது?

2015 டிசம்பரில், இரண்டு ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) வெளிவரும் நிகழ்வுகளில் அட்லஸ், சி.எம்.எஸ். இரண்டும் அதைக் கண்டன. அட்லஸில் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் 3.9 சிக்மா வரை வந்தது (சிக்மா கூடக்கூட, அது தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறையும்). ஆனால் நூற்றுக்கணக்கான ஜி.இ.வி. நீளத்துக்குத் தேடும்போது எங்காவது ஒரு மேடு தற்செயலாகக் கிளம்பும். அதையும் கணக்கில் சேர்த்தபோது சுமார் 2 சிக்மாதான் மிஞ்சியது. ஏறத்தாழ நான்கு மடங்கு புதிய தரவு சேர்ந்ததும், 2016 ஆகஸ்டில் முகடு கரைந்துவிட்டது.

கே: எந்த நிகழ்வைச் சேமிப்பது என்று உடனுக்குடன் முடிவெடுக்கும் டிரிகரே நல்ல நிகழ்வைத் தள்ளிவிட்டால்?

விநாடிக்கு 4 கோடி முறை கற்றைகள் சந்திக்கின்றன. சேமிப்பது சில ஆயிரத்தை மட்டும்தான். ஆற்றல் மிக்க மியூவான் ஜோடி தப்பாது. சில பத்து சென்டிமீட்டர் ஓடிய பிறகு சிதையும் துகள்தான் நழுவும். அதன் தடம் மோதல் புள்ளியிலிருந்து கிளம்பாததால், அதற்கென்று தனி டிரிகர் எழுதியாக வேண்டும்.