மூக்கு ஸ்ப்ரேயும் வாசனையும்: காது மூக்கு தொண்டை மருத்துவர் பதில்கள்

சளி பிடித்தால் தாளிக்கிற வாசனைகூடத் தெரிவதில்லை. ஸ்ப்ரே அடித்ததும் தெரிகிறது. அது வாசனை நரம்பைத் தூண்டுகிறதா? (மதுரை வாசகி)

இல்லை, வழியைத்தான் திறக்கிறது. வாசனை அறியும் இடம் மூக்கின் உச்சியில், இரு கண்களுக்கும் நடுவே இருக்கிறது. நாம் இழுக்கும் காற்றில் சிறு பங்குதான் அங்கே ஏறும். சதை வீங்கினால் அதுவும் நின்றுவிடும். ஆக்ஸிமெட்டாசொலின், சைலோமெட்டாசொலின் போன்ற மருந்துகள் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தை வற்றவைக்கின்றன. மூக்கு நன்றாகத் திறந்தும் மணம் வரவில்லையா? வைரஸ் மணம் அறியும் பகுதியையே தாக்கியிருக்கலாம். வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆறு மாதமாக ராத்திரி ஸ்ப்ரே இல்லாமல் தூங்க முடியவில்லை. மணமும் குறைந்துவிட்டது. (ஈரோடு வாசகர்)

இப்போது உங்கள் மூக்கை அடைப்பதே அந்த ஸ்ப்ரேதான். மருந்தின் வேகம் குறைந்ததும் சதை முன்னைவிட அதிகமாக வீங்கும், மறுபடி அடிப்பீர்கள். மூன்று முதல் ஐந்து நாளைக்கு மேல் வேண்டாம் என்பது இதனால்தான். மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் கிடைப்பதால் யாரும் இதைச் சொல்வதில்லை.

முதலில் ஒரு பக்க மூக்கில் மட்டும் நிறுத்துங்கள். அந்தப் பக்கம் திறந்த பிறகு மறு பக்கம். கூடவே டாக்டர் சொல்படி மொமெட்டாசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரே போடலாம். அது உடனே வேலை செய்யாது, ஓரிரு வாரம் பொறுக்க வேண்டும். முதல் சில ராத்திரிகள் சிரமம்தான். தலையணையை உயர்த்திக்கொள்ளுங்கள், உப்புநீர் விட்டுக் கழுவுங்கள். பி.பி. இருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

எண்டோஸ்கோப்பிக்கு மூக்கை மரத்துப்போக வைத்தார்கள். மூச்சே போகாத மாதிரி இருந்தது, காபி மணமும் தெரியவில்லை. நரம்பு போய்விட்டதா? (திருச்சி வாசகி)

போகவில்லை, பயப்படாதீர்கள். மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் மருந்தின் வேலை அது. காற்று போவதை உணர்வது ஒரு நரம்பு, மணத்தை அறிவது இன்னொன்று. முதலாவது மரத்தால் மூக்கு திறந்திருந்தும் அடைத்த மாதிரி இருக்கும். இப்படிப் பதறுபவர்களின் மூக்குக்குக் கீழே குளிர்ந்த எவர்சில்வர் தகட்டைப் பிடித்துக் காட்டுவேன். இரண்டு பக்கமும் ஆவி படியும், அதைப் பார்த்தபின்தான் நம்புவார்கள். தைலம் இதற்கு நேர் எதிர்: அதிலுள்ள மென்தால் அடைப்பை நீக்காது, ஜில்லென்று ஏமாற்றும். மரத்துப்போக வைத்த மருந்து மூக்கின் உச்சி வரை பட்டிருந்தால் மணமும் கொஞ்ச நேரம் மங்கும், அப்புறம் திரும்பிவிடும். தொண்டை மரத்திருக்கும்வரை மட்டும் எதுவும் சாப்பிடாதீர்கள், புரையேறும்.

சளிக்கு ஜிங்க் ஸ்ப்ரே ஆன்லைனில் கிடைக்கிறதே, வாங்கலாமா? (கோவை வாசகர்)

வேண்டவே வேண்டாம். 1937-இல் டொராண்டோவில் போலியோவைத் தடுக்கக் குழந்தைகள் மூக்கில் ஜிங்க் சல்ஃபேட் அடித்தார்கள். போலியோ நிற்கவில்லை, சிலருக்கு வாசனை நிரந்தரமாகப் போனது. 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் மூக்கில் விடும் ஜிங்க் மருந்துகள் சிலவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த ஜிங்க் மாத்திரை வேறு, அதை நிறுத்த வேண்டாம்.