மலை மாடு இறங்க மறுக்கிறதா?

கேள்வி: சாப்டூர் பக்கம் கரட்டில் மேயும் எங்கள் மாடுகளை ஐப்பசி மழைக்கு முன் பட்டிக்குக் கொண்டுவர வேண்டும். நாலைந்து மாடு பாறைப் பக்கமே நின்றுகொண்டு வர மறுக்கிறது. நாயை விட்டு விரட்டலாமா?
– ஒரு வாசகர், பேரையூர்

பதில்: வேண்டாம் தம்பி. ஒரு புரட்டாசியில் நான் அவசரப்பட்டு விரட்டி, ஆறு மாதச் சினைப்பசு சரளையில் சறுக்கி முன்னங்கால் ஒடிந்தது. அது என்னைப் பார்த்த பார்வை இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

மந்தையில் முன்னே நடக்கும் கிழட்டுப் பசு ஒன்று இருக்குமே, அதன் கழுத்தில் மணியைக் கட்டுங்கள். கன்றுகளைப் பட்டியிலேயே நிறுத்துங்கள். மடி கனத்தால் தாய் தானாக இறங்கும். மற்றதற்குக் கல்லுப்பு போதும். பாறைமேல் ஒரு கைப்பிடி வைத்து, தினமும் கூப்பிடும் அதே குரலில் கூப்பிடுங்கள். சொரசொரப்பான நாக்கால் பாறையையே வழித்து நக்கும். அடுத்த நாள் உப்பைப் பத்தடி கீழே வையுங்கள். நான்கைந்து நாள் ஆகும், ஆகட்டும்.

வெயில் ஏறுமுன் இறக்குங்கள். மேலே மேகம் கறுத்திருந்தால் ஓடையில் இறக்கவே கூடாது. இங்கே தூறல்கூட இருக்காது, காட்டாறு வந்துவிடும்.

சரி, இறங்கியதும் குளம்பிடுக்கில் கல், காதுக்குள் உண்ணி பாருங்கள். தொண்டை அடைப்பான், சப்பை நோய் தடுப்பூசிகளை மழைக்கு முன்பே போட வேண்டும். கால்நடை மருந்தகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். அப்புறம், 2021-லிருந்து அந்தப் பக்கக் காடு புலிகள் காப்பகத்தில் சேர்ந்திருக்கிறது. எல்லைக்கல் தாண்டிப் போன மாட்டைத் தேடுவதென்றால் வனக்காவலரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.