அப்பாரு தலைக்கு ஒரு தொப்பி: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்க அப்பாருக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோச்சுங்க. பிசியோதெரபிக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். கோவையில் என்ஜினியரிங் படிக்கிற என் தம்பி, மூளையில் ஓடும் மின்சாரத்தை வாங்கிக்கொண்டே வெளிச்சமும் பாய்ச்சிப் பார்க்கிற தொப்பி இருக்கிறது என்கிறான். ஈ.ஈ.ஜி. தான் ஏற்கெனவே இருக்கிறதே, கூட வெளிச்சம் எதுக்குங்க?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: தம்பி சொன்னது நிஜம்தானுங்க. ஈ.ஈ.ஜி. ரொம்பப் பழைய ஆள். ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்கிற மனநல மருத்துவர் 1924-ல் மனிதத் தலையில் அதை எடுத்துவிட்டு, ஐந்து வருஷம் அடைகாத்து 1929-ல்தான் வெளியிட்டார். நரம்புச் செல்கள் கூட்டமாக வேலை செய்யும்போது கிளம்புகிற மின்சாரத்தைத் தலைத்தோலில் வைத்தே பிடிப்பதுதான் அது. ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்காகப் போட்டால் அதில் சில பத்துப் பங்குதான் அங்கே கிடைக்கும், ஆனால் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் நடப்பதைக்கூட விடாது. எந்த இடத்தில் என்று கேட்டால்தான் தடுமாறும், மண்டையோட்டைத் தாண்டி வருவதற்குள் எல்லாம் கலங்கிவிடுகிறது. சோமனூர்ப் பக்கம் தறிக் குடோனுக்கு வெளியே நின்று பாருங்கள், கரண்ட் போனால் அந்த நொடியே தெரியும், உள்ளே எந்தத் தறியில் நூல் அறுந்தது என்று மட்டும் தெரியாது.

வெளிச்சம் அந்தக் குறைக்குத்தான். ராத்திரியில் செல்போன் டார்ச்சை விரலால் மூடினால் விரல் சிவந்து தெரிகிறதல்லவா? சிவப்பும், அதற்கு அடுத்துக் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற ஒளியும் (சுமார் 700 முதல் 900 நானோமீட்டர்) சதை, எலும்பு எல்லாவற்றையும் ஓரளவு கடந்துபோகும். ஆக்சிஜன் சுமக்கிற ரத்தம் அதை ஒரு அளவில் விழுங்கும், இறக்கிவிட்டு வருகிற ரத்தம் வேறு அளவில் விழுங்கும். கொரோனா சமயத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிக்கொண்டோமே, அந்த ஆக்சிமீட்டரும் இதே கணக்குதான். தலையில் இது எடுபடும் என்று 1977-ல் ஜோப்சிஸ் என்கிற விஞ்ஞானி காட்டினார். தொப்பியில் ஒரு விளக்கு, அதிலிருந்து சுமார் 3 செ.மீ. தள்ளி, திரும்பி வருகிற வெளிச்சத்தைப் பிடிக்க ஒரு உணரி. ஒளி வாழைப்பழம் மாதிரி வளைந்து போய் மூளையின் மேல்பரப்பைத் தொட்டுவிட்டு வரும். மூளையில் வேலை நடக்கிற இடத்துக்கு ரத்தம் கூடுதலாக ஓடும், அந்த இடத்துக்கு ரத்தம் கூடியதா குறைந்ததா என்று இதில் தெரிந்துவிடும்.

ஆனால் லேட்டாகத்தான் தெரியும். செல் வேலையைத் தொடங்கி ஐந்தாறு நொடி கழித்துத்தான் ரத்தம் உச்சத்துக்கு வருகிறது. பவானிசாகரில் மதகைத் திறந்தவுடனே கடைமடையில் தண்ணீர் நிற்குமா என்ன? ஆக, எப்போது என்பதை மின்சாரம் சொல்கிறது, எங்கே என்பதை வெளிச்சம் சொல்கிறது.

உங்கள் அப்பாரு விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் பெரிசாகப் படுகிறது. பக்கவாதத்துக்குப் பிறகு செல் வேலை செய்தாலும் ரத்தம் பழையபடி பின்னாலேயே வராமல் போகலாம். ஒன்றை மட்டும் அளந்தால் இது பிடிபடாது. வலது கையை ஆட்டுவது இடப்பக்க மூளை, அது அடிபட்டால் வலப்பக்கமும் கூடச் சேர்ந்து முட்டுக்கொடுப்பது உண்டு. கையை மடக்கி நீட்டும்போதே இதையெல்லாம் பார்க்க முடியுமே என்றுதான் தொப்பியாகச் செய்கிறார்கள், எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்துக்கொண்டு அந்தப் பயிற்சியைச் செய்ய முடியாதே. இப்போதைக்குப் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடத்துச் சாமான்தான். அளக்கும், கையைத் தூக்கி விடாது, அதனால் பிசியோதெரபியை ஒரு நாளும் விடாதீர்கள்.

அப்புறம், முடி. நம் ஊர்க் கருகருவென்ற அடர்த்தியான முடி வெளிச்சத்தை வழியிலேயே குடித்துவிடும், தேங்காயெண்ணெய், ஈ.ஈ.ஜி.க்காகத் தலைத்தோலில் வைக்கிற மின்முனையை ஒட்டவிடாது. எனக்கு ஒருமுறை ஈ.ஈ.ஜி. எடுத்தபோது எண்ணெய்த் தலையோடு போய்த் திட்டு வாங்கினேன், அப்புறம் அவர்கள் அப்பிய பசை இரண்டு நாளுக்கு முடியை விட்டுப் போகவில்லை.

கேள்வி: பையன் நீட்டுக்குப் படிக்கிறான். கவனம் சிதறினால் காட்டிக்கொடுக்கும் தலைப்பட்டை வாங்கலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: வேண்டாமுங்க. அந்தப் பட்டையும் ஈ.ஈ.ஜி. மாதிரி மின்சாரத்தைப் பிடிப்பதுதான். கண்ணை ஒருமுறை சிமிட்டினாலே மூளையிலிருந்து வருவதைவிடப் பெரிய சிக்னல் வரும், பல்லைக் கடித்தாலும் அப்படித்தான். நெற்றியில் இரண்டு மூன்று முனையை வைத்துவிட்டுக் கவனத்துக்கு மார்க் போடுவதை நான் நம்பத் தயாராக இல்லை. 2019-ல் சீனாவில் ஒரு தொடக்கப்பள்ளியில் பிள்ளைகளுக்கு இப்படி மாட்டிவிட்டார்கள், ஊரே எதிர்த்துப் பேசியதும் நிறுத்திவிட்டார்கள். ராத்திரி பத்து மணிக்குப் பையனைத் தூங்க விட்டாலே பாதிக் கவனம் வந்துவிடும், அதற்குப் பட்டை எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு மறதி கூடிக்கொண்டே போகிறது. இந்த வெளிச்சத் தொப்பியில் தெரியுமா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: தெரியாதுங்க. புது ஞாபகத்தைப் பதிய வைக்கிற ஹிப்போகேம்பஸ் ரொம்ப உள்ளே இருக்கிறது. இந்த ஒளி பெரியவர்கள் தலையில் மேல்பரப்போடு சரி. மண்டையோடு மெல்லிசாக இருக்கிற பச்சைக் குழந்தைகளிடம்தான் இன்னும் நன்றாக எடுபடும். அம்மாவை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போங்கள். போகும்போது தைராய்டு, பி12 இரண்டுக்கும் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள், அதில் குறை இருந்தாலும் மறதி வரும், அதை மருந்திலேயே சரிசெய்யவும் வழி உண்டு.